வகுத்து வந்த நிதானம்

அந்தப் பெயரை வைத்தவள் சுகிர்தாதான். பிறகு ஊரே அதைச் சொல்லித் திரிந்தபோதும் எட்டு மாதம் அவள் வாயைத் திறக்கவில்லை.

நாமக்கல் பரமத்தி ரோட்டில் ‘துளி’ என்று ஓர் ஆய்வகம். அங்கே அவளுக்குக் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. அந்த 2047-இல் நாலுவழிச் சாலையில் ஓடும் லாரிகளுக்கு டிரைவர் கிடையாது. வண்டியே வழி பார்த்துப் போய்விடும். ஆனால் மலைப்பாதைக்கும் சந்து பொந்துக்கும் மண்ரோட்டுக்கும் இன்னும் ஆள்தான் வேண்டியிருந்தது. அந்த ஆட்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. ஒரு குழாய் ரத்தம் எடுத்து, செல்களுக்குச் சாயம் ஏற்றி, நூல் போன்ற நீரோட்டத்தில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, லேசர் ஒளியை அடிப்பார்கள். எந்தச் செல் எவ்வளவு பருமன், எந்த நிறத்தில் எவ்வளவு மினுக்குகிறது என்று கருவி அளந்து தரும். எல்லாம் திரையில் புள்ளிப் புள்ளியாக வந்து விழும். அந்தப் புள்ளிகளைப் படிப்பதுதான் சுகிர்தாவின் வேலை.

அந்த வருஷம் வாங்கிய புது மென்பொருள் சும்மா இருக்கும் ஜாதி இல்லை. கருவி அளந்து தந்ததோடு நிற்காமல், அதை இதோடு கூட்டி, இதை அதால் வகுத்து, தானாகவே புதுப் புது அளவுகளை வருவித்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலை, நாலாயிரத்துச் சொச்சமாவது சூத்திரத்தில், மணியடித்தது. நீலச் சாயத்தின் ஒளியை ஆரஞ்சுச் சாயத்தின் ஒளியால் வகுத்து வந்த எண் அது. அதைப் போட்டதும் ஆறாயிரம் டிரைவர்களும் திரையில் இரண்டு குவியலாகப் பிரிந்து நின்றார்கள். நடுவில் ஈ காக்கை கிடையாது.

ஆய்வகத் தலைவர் டாக்டர் ஜெபமணி காபி டம்ளரோடு ஓடி வந்தார்.

“இவ்வளவு சுத்தமா பிரியுதுன்னா பெரிய விஷயம்மா இது. பேரைப் போடு.”

“என்னன்னே தெரியாம என்ன சார் பேரு போடறது?”

“பேரு போடற பெட்டி காலியா இருந்தா சேமிக்க மாட்டேங்குதே. ஏதாவது போடு, பிறகு மாத்திக்கலாம்.”

மேல் குவியலில் கைக்கு வந்த பத்துப் பேரின் விவரத்தைத் திறந்து பார்த்தாள். பத்துப் பேருக்கும் விபத்து என்று ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ‘நிதானம்’ என்று தட்டினாள். கீழ்க் குவியலிலும் பத்துப் பேரைத் திறந்து பார்க்கலாமே என்று அப்போது தோன்றவில்லை. பார்த்திருந்தால் அங்கேயும் ஒருவருக்கும் விபத்து இருந்திருக்காது.

பெயர் என்று ஒன்று விழுந்துவிட்டால் அதற்குக் கால் முளைத்துவிடும். அறிக்கையில் சர்க்கரை, கொழுப்புக்குப் பக்கத்தில் ‘நிதானம்’ என்று ஒரு வரி அச்சாகி வந்தது. ஒன்றுக்கு மேலே இருந்தால் மேல் குவியல், கீழே இருந்தால் கீழ்க் குவியல். டிரான்ஸ்போர்ட் கம்பெனிகள் ஆள் எடுக்கும்போது முதல் கேள்வியாக அதைக் கேட்டன. பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு தரகர், “மாப்பிள்ளைக்குத் தோட்டம் சுமார்தானுங்க. ஆனா நிதானம் ரெண்டே காலு!” என்றாராம். மோகனூர் ரோட்டில் ஒருவர் நிதானக் கஷாயம் போட்டு விற்றார். அவர் கடையில் காலையில் நிற்க இடம் கிடைக்காது. சுகிர்தாவின் அம்மாவே ஒரு செம்பு வாங்கி வந்து அவளைக் குடிக்கச் சொன்னாள். அவளும் குடித்தாள்.

எட்டாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆய்வகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மாள் உள்ளே வந்தாள். பின்னாலேயே ஆறடி உயரத்தில், கொத்து மீசையோடு, அவள் வீட்டுக்காரர்.

“ஏனுங்க, இங்க இந்த நிதானத்துக்கு யாரு பொறுப்பு?”

சுகிர்தா எழுந்து நின்றாள். “சொல்லுங்கம்மா.”

“நா பூங்கோதைங்க. கோழிப் பண்ணையில சூப்பர்வைசர். இவரு என்ற ஊட்டுக்காரரு, அர்த்தநாரி. வெண்குதிரை டிரான்ஸ்போர்ட்டுல இருவத்தி ரெண்டு வருசமா கொல்லிமலைக்கு லாரி ஓட்டறாரு. எழுவது வளைவு. ஒரு வளைவுல ஒரு கோடு விழுந்ததில்லைங்க வண்டியில. போன வாரம் கூப்புட்டுச் சாவியக் குடுன்னு வாங்கிட்டாங்க. என்னான்னு கேட்டா, நிதானம் பத்தலையாம். புள்ளி ஆறாம்!”

“அம்மிணி, மெதுவாப் பேசு,” என்றார் அர்த்தநாரி.

“பாத்தீங்களா? இவருதான் என்னய மெதுவாங்கறாரு! சோறு திங்க இவருக்கு முக்கா மணி நேரம். செருப்ப மாட்ட அஞ்சு நிமிசம். நெசமாலுமே நிதானமில்லாதவ நானுங்க. என்னய அளந்து பாருங்க!”

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்தும் வரவில்லை. பூங்கோதை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது அவளை உட்கார வைத்துவிட்டது. அர்த்தநாரி முதல் ஆள்தானாம். வருகிற ஒன்றாம் தேதி, ஒன்றுக்குக் கீழே இருக்கிற முன்னூற்றுப் பன்னிரண்டு பேரையும் கம்பெனி நிறுத்தப் போகிறதாம்.

“அந்த நெம்பரு எப்படித்தான் வருது? அதையாவது சொல்லுங்க.”

சுகிர்தா கொஞ்சம் யோசித்தாள். “உங்க பண்ணையில தீவனம் எத்தனை கிலோ, முட்டை எத்தனைன்னு கணக்கு வெப்பீங்கல்ல? ரெண்டையும் வகுத்துப் பார்ப்பீங்கல்ல?”

“பாக்காம? அதுலதான பண்ணையே நிக்குது.”

“அந்த வகுத்த எண்ணு கோழி மேல எழுதி ஒட்டியிருக்காது. நாமதான் வருவிச்சுக்கறோம். இதுவும் அப்படித்தாம்மா. மெஷின் அளந்தது ரெண்டு வெளிச்சம். நிதானம்ங்கறது அதை வகுத்து வந்தது.”

பூங்கோதை கைப்பையை மேசைமேல் வைத்தாள். “போன ஆடியில எங்க மூணாம் நெம்பர் ஷெட்டுல அந்தக் கணக்கு தொபுக்குனு எறங்கிப் போச்சுங்க. கோழியெல்லாம் நோவுன்னாங்க. நா போய் நின்னு பாத்தேன். கோழிக்கு ஒண்ணுமில்ல. தீவனம் போடற ஆளு மாறியிருந்தான்.” கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “கம்ப்யூட்டருல பாத்தது போதும். நாளைக்குக் காத்தால என்ற தம்பியோட முட்ட வண்டிய இவரு மலைக்கு ஓட்டறாரு. நீங்களும் ஒட்டுக்காப் போய் ஒக்காந்து பாத்துட்டு வந்து, பொறவு நெம்பரு சொல்லுங்க.”

மறுநாள் சுகிர்தா விடுப்புப் போட்டுவிட்டு முட்டை வண்டியில் ஏறினாள். ஒன்பதாயிரம் முட்டை, அட்டை அட்டையாக அடுக்கிப் பின்னால் இருந்தது. அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் அர்த்தநாரி ஹாரன் அடித்தார், நின்றார், எட்டிப் பார்த்தார், பிறகு திருப்பினார். மடியில் வைத்திருந்த அவள் தண்ணீர் பாட்டில் ஒரு பக்கம்கூடச் சாயவில்லை.

இருபதாவது வளைவுக்குப் பக்கத்தில் அவளால் தாங்க முடியவில்லை.

“அண்ணா, அந்த நிதானம்ங்கற பேரை வெச்சது நான்தாங்க. அது என்ன எண்ணுன்னே அன்னைக்கு எனக்குத் தெரியாது. இன்னைக்கும் தெரியாது. பெட்டி காலியா இருந்துச்சு, போட்டுட்டேன்.”

அவர் ஹாரன் அடித்து வண்டியைத் திருப்பினார். மூன்று வளைவு போனது.

“பேரு நல்ல பேருதானுங்க,” என்றார் கடைசியில். “தப்பான எடத்துல ஒட்டிட்டீங்க, அவ்வளவுதான். ஒட்டுனது கைதான? உரிச்சாப் போவுது.”

நாற்பத்து மூன்றாவது வளைவில் மேலிருந்து ஒரு டூரிஸ்ட் வேன் தப்பான பக்கத்தில் சர்ரென்று இறங்கி வந்தது. சுகிர்தா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது வண்டி மலைச்சுவரை ஒட்டி, சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு விரற்கடை விட்டு, அசையாமல் நின்றுகொண்டிருந்தது. வேன்காரன் முகம் வெளிறி, கையில் சிப்ஸ் பொட்டலத்தோடு கும்பிட்டான். அர்த்தநாரி கையை ஆட்டி, “மெதுவாப் போ கண்ணு, சிப்ஸு திங்கறதக் கீழ போய்த் திங்கலாம்,” என்றார். மலைமேல் செம்மேட்டில் முட்டையை இறக்கி எண்ணியபோது உடைந்தது ஒன்றுமில்லை.

இறங்கி வரும்போதே சுகிர்தா தீர்மானம் செய்துவிட்டாள். “அண்ணா, இன்னைக்கே இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்.”

எழுபது வளைவில் அசையாத மனிதர் ஊசி என்றதும் ஆடிப்போனார். ஆய்வகத்துக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கவே மாட்டேன் என்றார். “போன தடவ எடுத்தீங்களே, அதுல கொஞ்சம் மிச்சமிருக்காதுங்களா?” என்று கேட்டார். சுகிர்தா பூங்கோதையைப் போனில் கூப்பிட்டாள். பூங்கோதை போட்ட சத்தத்தில்தான் இறங்கினார்.

‘துளி’யில் ரத்தம் எடுக்க இரண்டு பேர். முதல் அறையில் பொன்னுரங்கம். பஞ்சு போன்ற மனிதர். யாரையும் அதட்டி ஒரு வார்த்தை பேசியறியாதவர். அடுத்த அறையில் ரெஜினா. அவள் வாய்க்குப் பயந்து டாக்டரே அந்த அறைப் பக்கம் போக மாட்டார். அப்போது பொன்னுரங்கம் சாப்பிடப் போயிருந்தார். அர்த்தநாரி ரெஜினாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

“மத்தியானம் என்ன சாப்பாடு?” என்றாள் ரெஜினா, முகத்தைப் பார்க்காமலே.

“அரிசிம்பருப்புச் சோறுங்க.”

“தேங்கா போட்டுங்களா, போடாமலா?”

“துருவிப் போட்டுத்தான்.”

“துருவியா! அரிசிம்பருப்புல தேங்காயப் பல்லுப் பல்லாக் கீறிப் போடோணும். துருவிப் போடறது எந்தூரு வழக்கம்?”

“ஏனுங்க, திருச்செங்கோட்டுல எங்கம்மா காலத்துலருந்து துருவித்தான்…”

“உங்கம்மாவுக்குப் பல்லு இல்லாம இருந்திருக்கும்.”

“எங்கம்மா எம்பது வயசுல கரும்பு கடிச்சவங்க!” அர்த்தநாரியின் மீசை துடித்தது. ஐந்து நிமிஷம் வழக்கு நடந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தவர்போல, “அது கெடக்கட்டும், எப்பங்க குத்துவீங்க?” என்றார்.

“குத்தி எடுத்தாச்சு. எந்திரிங்க. அடுத்த ஆளு!”

சாயங்காலம் அவருடைய எண் வந்தது. இரண்டு புள்ளி ஒன்று.

சுகிர்தா திரையைப் பார்த்தபடியே இருந்தாள். ஒரே மனிதர். அதே கருவி, அதே சாயம், அதே சூத்திரம். என்ன மாறியது? பூங்கோதையின் மூன்றாம் நம்பர் ஷெட் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு குழாயின் லேபிளிலும் ரத்தம் எடுத்தவரின் முதலெழுத்து இருக்கும். மென்பொருளுக்கு அதைப் பார்க்க யாரும் சொல்லவில்லை. வெளிச்சத்தை மட்டும் பார் என்றால் அது வெளிச்சத்தைத்தான் பார்க்கும். சுகிர்தா அந்த எழுத்துக்கு ஒரு பத்தி சேர்த்தாள். ‘பொ’ வந்தால் பச்சை, ‘ரெ’ வந்தால் சிவப்பு என்று ஆறாயிரம் புள்ளிக்கும் நிறம் கொடுத்தாள்.

மேல் குவியல் முழுக்கச் சிவப்பு. கீழ்க் குவியல் முழுக்கப் பச்சை.

“சார்!” என்று அவள் கத்தியதில் ஜெபமணி செருப்பில்லாமல் ஓடி வந்தார். பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த மாதம் சென்னை மாநாட்டில் ‘நிதானம்’ பற்றிப் பேச அவர் கோட்டு தைத்து வைத்திருந்தார்.

“பயம்,” என்றார் மெல்ல. “ஆளு பயந்தா ரெண்டு மூணு நிமிஷத்துல ஒருவகைச் செல்லுங்க மண்ணீரல்லருந்தும் ரத்தக்குழாய்ச் சுவர்லருந்தும் திமுதிமுன்னு ஓட்டத்துல இறங்கிரும். சண்டைக்குத் தயாராகுதாம். அந்தச் செல்லு ஆரஞ்சுச் சாயத்தை நல்லாப் பிடிக்கும்.”

“வகுக்கற எண்ணு பெருத்தா விடை சிறுத்துடும்.”

“ஆமா. நாம ஆறாயிரம் பேரோட குணத்தை அளக்கலைம்மா. ஊசி குத்தறதுக்கு முந்தின மூணு நிமிஷத்தை அளந்திருக்கோம்.” எழுந்து செருப்பைத் தேடப் போனார். “கோட்டை என் மச்சானுக்குக் குடுத்துடலாம். அவன் பொண்ணு கல்யாணம் வருது.”

மறுநாள் இருவரும் வெண்குதிரை டிரான்ஸ்போர்ட்டுக்குப் போனார்கள். மேலாளர் நடராஜமூர்த்தி கேட்டுக்கொண்டார். ஆனால் இறங்கி வரவில்லை. “நீங்க அச்சடிச்சுக் குடுத்ததுதானங்க? நெம்பரு நெம்பருதான். எனக்கு ரெண்டு புள்ளி மூணு, தெரியுமா?” என்று மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த அறிக்கையைத் தட்டிக் காட்டினார்.

சுகிர்தா குனிந்து, அறிக்கை மூலையில் அச்சாகியிருந்த, ரத்தம் எடுத்தவரின் எழுத்தைப் பார்த்தாள். ‘ரெ’.

“சார், எங்க செலவுல இன்னொரு தடவை வந்து பாருங்க. இந்தத் தடவை முதல் ரூம்ல.”

அவரும் பெருமையாகவே வந்தார். பொன்னுரங்கம் அவரை வணங்கி உட்கார வைத்தார். “ஒண்ணும் ஆவாதுங்க, பயப்படாதீங்க,” என்றார். தட்டில் ஊசிகளை வரிசையாக அடுக்கினார். “கண்ண மூடிக்கங்க. மூச்ச நல்லா இழுங்க. சாமிய நெனச்சுக்கங்க. கொஞ்சமாத்தான் வலிக்கும்.” பஞ்சால் ஒரு தடவை துடைத்தார், யோசித்துவிட்டு இன்னொரு தடவை துடைத்தார். “பயப்படாதீங்க, என்னுங்க?” வெளியே வந்த மேலாளரின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. எண், புள்ளி ஏழு.

“இப்பச் சொல்லுங்க சார்,” என்றாள் சுகிர்தா. “ரெண்டு புள்ளி மூணுல இருக்கற உங்களை வெச்சுக்கறதா, புள்ளி ஏழுல இருக்கற உங்களை நிறுத்தறதா?”

மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார். அன்று மாலை லாரிப் பட்டறையில் டிரைவர்களை எல்லாம் கூட்டி வைத்து, சுகிர்தாவைப் பேசச் சொன்னார். பெட்டி காலியாக இருந்ததையும், பத்துப் பேரை மட்டும் பார்த்ததையும், எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். “இனிமே அறிக்கையில அந்த வரி இருக்காதுங்க. என்னை மன்னிச்சுக்கங்க,” என்று முடித்தாள். கூட்டத்தில் ஒருவர், “கஷாயத்துக்குக் கொட்டுன பணம்?” என்று கேட்டார். ஒரே சிரிப்பு. முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் வேலை நிலைத்தது. அர்த்தநாரிக்குச் சாவி திரும்பக் கிடைத்தது.

சிரிக்காதவர் பொன்னுரங்கம் ஒருவர்தான். விஷயம் தெரிந்ததும் அவர் வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். “என்ற கையால முன்னூறு குடும்பம் தெருவுக்கு வரப் பாத்துச்சேம்மா,” என்றார் சுகிர்தாவிடம். அவள் கடிதத்தை வாங்கி இழுப்பறையில் வைத்துக்கொண்டாள். “ஒரு வாரம் டைம் குடுங்கண்ணா. ரெஜினாக்கா மாதிரி பேசிப் பாருங்க.”

அவர் பேசிப் பார்த்தார். ரெஜினாவே பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தாள். “ஏனுங்க, உங்க ஊட்டுல என்ன கொழம்பு?” என்று அவர் கேட்பார். ஆள் “புளிக்கொழம்பு” என்பார். “ரொம்ப நல்லதுங்க,” என்று சொல்லிவிடுவார். அதற்கு மேல் சண்டை எப்படிப் போகும்? அறிக்கையில் வராவிட்டாலும் சுகிர்தா அந்த எண்ணைத் தனியாகப் போட்டுப் பார்த்தாள். புள்ளி எட்டைத் தாண்டவில்லை.

ஆறாம் நாள், அந்த வரி இல்லாத புது அறிக்கைக்கு ரத்தம் கொடுக்க அர்த்தநாரி வந்தார். டோக்கன் அவரை முதல் அறைக்கு அனுப்பியது. சுகிர்தா மாற்றிவிடலாமா என்று எழுந்தாள். அதற்குள் அவர் போய் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, கையை நீட்டிவிட்டார். ஊசி வரவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். பொன்னுரங்கத்தின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

“ஏனுங்க, உடம்பு சரியில்லீங்களா?”

பொன்னுரங்கம் கதவைப் பார்த்தார். பிறகு சின்னக் குரலில் சொன்னார். “எனக்கு ஊசின்னாப் பயமுங்க. பதினாலு வருசமா. ரத்தத்தப் பாத்தா வவுத்தக் கலக்கும். பயப்படாதீங்க பயப்படாதீங்கன்னு இத்தன நாளா நான் சொன்னது எனக்குத்தானுங்க.”

அர்த்தநாரி இரண்டு கண்ணையும் திறந்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மலையில் வேன்காரனிடம் பேசினாரே, அதே குரல் வந்தது.

“அட, இதுக்கா? இங்க பாருங்க. அவசரமேயில்ல. ஒரு தடவ மூச்ச விடுங்க. ம், அப்படித்தான். இந்தா, இந்த நரம்பு நல்லாத் தெரியுது பாருங்க, நம்ம கொல்லிமல ரோடாட்டம். மெதுவாத் திருப்புங்க. நான் இருக்கறேன். ம்… ம்… அவ்வளவுதான். வந்துட்டீங்க.”

குழாய் நிரம்பியது. பொன்னுரங்கம் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அன்று அர்த்தநாரியின் எண் இரண்டு புள்ளி நாலு. ரெஜினா எடுத்ததைவிட அதிகம்.

அதற்கப்புறம் பொன்னுரங்கம் யாரிடமும் பயப்படாதீங்க என்று சொல்வதில்லை. உட்கார்ந்ததும் முதல் வேலையாக, “எனக்குக் கொஞ்சம் பயமுங்க, தைரியம் சொல்லுங்க,” என்று கேட்டுவிடுகிறார். இப்போது ‘துளி’க்கு வரும் டிரைவர்கள் டோக்கன் வாங்கும்போதே முதல் அறை வேண்டும் என்கிறார்கள். வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு உள்ளே பேசுவது நன்றாகக் கேட்கும். கட்டைக் குரலில் யாரோ ஒருவர், “பாத்து கண்ணு, மெதுவா, மெதுவா, நாங்கெல்லாம் இல்லையா?” என்று ஊசிக்காரரைத் தேற்றிக்கொண்டிருப்பார்.